முழுத் திராட்டலில் எத்தனை சுற்று?

ஜொகூரில் படகு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், படகோட்டும் தெக்கோங் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும், பெங்கேல் பட்டறையில் டீசல் வேலை கற்றுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும்,



வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து மெர்சிங்கில் கடல் திறந்துவிட்டது. நவம்பரிலிருந்து ஆற்றுக்குள் கட்டிக் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. ஆண்டுதோறும் இந்த வாரங்களில் ஜெட்டியில் ஒரே புலம்பல்தான்: "போன வருசம் பதினெட்டு நாட் ஓடின போட்டு, இப்போ பதிமூணத் தாண்ட மாட்டேங்குது. கரும்புகை வேற." அடுத்த பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். டர்போ போச்சு என்பார் ஒருவர். நோசல் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பம்பையே கழற்றச் சொல்வார். அந்த வாரமே சாமான் மாறும், பணம் போகும், படகு பதின்மூன்றிலேயே நிற்கும்.

செம்பனை ஆலையின் ஜெனரேட்டர் அறையில் டீசல் வேலை கற்று, பிறகு படகு இன்ஜின்களுக்கு வந்தவன் நான். நல்ல டர்போவைக் கழற்றிவிட்டு வேறு டர்போ மாட்டியதையும், குறையே இல்லாத பம்பைச் சிங்கப்பூர் வரை அனுப்பி வாங்கியதையும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மீன்பிடித்துக் குடும்பம் நடத்துகிறவருக்கும், தீவுக்கு ஆள் ஏற்றுகிறவருக்கும், வார இறுதியில் தூண்டில் போட நாலு பேர் சேர்ந்து படகு வாங்கியவருக்கும் அது சின்னப் பணம் இல்லை. அந்தப் பணத்தைக் காப்பாற்றத்தான் இந்த மடல்.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். இன்பாட் இன்ஜின் இழுக்கவில்லை என்றால், ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் அது முழுத் திராட்டலில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அளந்து எழுதுங்கள். கோளாறு பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே இருக்கிறது. புரொப்பெல்லரில், அதாவது நம் கிப்பாஸில் இருக்கும். படகின் அடியில் இருக்கும். டீசல் தொட்டியில், காற்று வரும் வழியில், புகை போகும் வழியில் இருக்கும். இன்ஜினைத் திறக்க வேண்டிய நாளும் வரலாம். அது கடைசியில்தான் வரவேண்டும்.

அளப்பதற்கு முறை உண்டு. வழக்கமாக ஏற்றும் ஆளையும் ஐஸையும் டீசலையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வெறும் படகில் எடுத்த அளவு ஏமாற்றிவிடும். இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். மெர்சிங் ஆற்று வாயில் மணல் திட்டு இருப்பதும், ஃபெர்ரிகளே ஓதம் பார்த்துக் காத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஆழம் குறைந்த தண்ணீரில் எந்தப் படகும் இழுபடும் என்பதால், திட்டைத் தாண்டி ஆழமான, அலையில்லாத இடத்துக்குப் போங்கள். முழுத் திராட்டலில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, நீரோட்டத்தோடு ஒரு முறையும் எதிர்த்து ஒரு முறையும் ஜிபிஎஸ் வேகத்தைப் பாருங்கள்; இரண்டின் சராசரிதான் படகின் வேகம். சுற்று, வேகம், தண்ணீர் வெப்பம், எண்ணெய் அழுத்தம், புகையின் நிறம் என்று ஐந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் டாக்கோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பல படகுகளில் அது ஆல்டர்னேட்டரிலிருந்து கணக்கெடுக்கிறது. பெல்ட் வழுக்கினால் சுற்றைக் குறைத்துக் காட்டும். புல்லி மாற்றியிருந்தால் கூட்டியோ குறைத்தோ காட்டும். கையில் பிடிக்கும் ஒளி டாக்கோமீட்டர் நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. கிராங்க் புல்லியில் சின்ன மினுக்குத் தாளை ஒட்டி, ஒளியைக் காட்டினால் உண்மையான சுற்று தெரிந்துவிடும். "இன்ஜினுக்கு வயசாயிடுச்சு" என்று கைகழுவப்பட்ட படகுகள் சிலவற்றில் வயதானது மீட்டருக்குத்தான்.

இனி இன்ஜினில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். முழுத் திறன் எந்தச் சுற்றில் என்று போட்டிருக்கும். 2,600 என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு, முழுத் திராட்டலில், உங்கள் இன்ஜின் அந்த 2,600-ஐத் தொட வேண்டும். அடி சுத்தமாக இருக்கும்போது சற்றுத் தாண்டினால் இன்னும் நல்லது. 2,250-இல் நின்றுவிட்டால், மேலே தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, ஜெட்டியில் கட்டியபடியே கியரை நடுவில் வைத்து, சூடான இன்ஜினைச் சில நொடிகளுக்கு மட்டும் முழுத் திராட்டலுக்குத் தள்ளுங்கள். பழைய மெக்கானிக்கல் கவர்னர் இன்ஜின் சுமையில்லாமல் தகட்டுச் சுற்றைவிடக் கொஞ்சம் மேலே போய் நிற்கும். எலக்ட்ரானிக் இன்ஜின்கள் சிலவற்றில் நியூட்ரலில் சுற்றைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்திவிடும் என்பதால், இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. சுமையில்லாமலே சுற்று ஏறவில்லை என்றால் முதலில் திராட்டல் கேபிளைப் பாருங்கள். ஒருவர் மேலே லீவரை முழுக்கத் தள்ள, இன்னொருவர் கீழே பம்பின் கை நிறுத்தக் குமிழைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். கேபிள் இழுபட்டுத் தளர்ந்து, கடைசி விரலளவு தூரம் போகாமல் நிற்பது நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.

சுமையில்லாமல் நன்றாக ஏறுகிறது, சுமையோடு ஏறவில்லை என்றால் இரண்டில் ஒன்று. இன்ஜின் தன் முழுத் திறனைக் கொடுக்கவில்லை. அல்லது கொடுக்கக்கூடியதற்கு மேல் அதனிடம் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் சாமான் மாற்றுவதில்தான் பணம் கரைகிறது. மூன்றாவது நிலையும் உண்டு: சுமையோடும் 2,600 வருகிறது, படகு மட்டும் மெதுவாகப் போகிறது. அப்படியானால் பெரும்பாலும் இன்ஜினைத் தொடவே வேண்டாம். கியர்பாக்ஸ் கிளட்ச் வழுக்குகிறதா, கிப்பாஸ் இதழ் தேய்ந்து அல்லது வளைந்து தண்ணீரைப் பிடிக்காமல் சுழல்கிறதா, படகு முன்பைவிடக் கனத்துவிட்டதா என்று பாருங்கள்.

கிப்பாஸைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஜொகூர்த் தண்ணீர் அதைச் சும்மா விடாது. தெப்ராவ் நீரிணையில் மிதவைகளில் கூப்பாங் சிப்பி வளர்க்கிறார்கள். பாசிர் கூடாங் பக்கம் போனால் கயிறு கயிறாகப் பச்சைச் சிப்பி தொங்குவதைப் பார்க்கலாம். வளர்ப்பவருக்கு வரமாக இருக்கும் அதே தண்ணீர், கட்டிப் போட்ட படகின் அடியையும் கிப்பாஸையும் கடல்நீர் உறிஞ்சும் வாயையும் சிப்பிக்கும் கொட்டலசுக்கும் வீடாக்கிவிடுகிறது. 1924-இல் ஜொகூர் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து நீரிணை நடுவில் அடைபட்டிருக்கிறது. அதன் இரண்டு பக்கத்திலும் நீர் முன்போல் ஊடே ஓடுவதில்லை. அங்கே மூன்று மாதம் அசையாமல் நின்ற படகை மேலே ஏற்றிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கிப்பாஸ் சுற்றும் வேகமும் அது கேட்கும் திறனும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. ஏறத்தாழ சுற்றின் மும்மடிக்கு ஏற்பத் திறன் தேவை. 2,600 சுற்றில் 300 குதிரைத்திறன் கேட்கும் கிப்பாஸ், அதில் எண்பது விழுக்காடான 2,080 சுற்றில் 154 மட்டுமே கேட்கும். கடைசி ஐந்நூறு சுற்றுக்குத்தான் பாதித் திறன் போகிறது. அதனால்தான் இதழ்மேல் மெல்லிய கொட்டலசுப் படலம் படிந்தாலும் அடி முழுக்கப் பாசி பிடித்தாலும் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. முழுத் திராட்டலில் முந்நூறு நானூறு சுற்று காணாமல் போகும். கவர்னர் கேட்ட சுற்றை எட்ட முழு டீசலையும் ஊற்றும். இன்ஜின் அந்தச் சுற்றை எட்டாது, டர்போவும் போதிய காற்றைத் தள்ளாது, டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாக வெளியே வரும். புகையைப் பார்த்து டர்போமேல் பழி விழும். உண்மையில் யாராவது முகமூடி போட்டுக் கீழே இறங்கி ஒரு ஸ்கிரேப்பரால் இதழ்களைச் சுரண்டியிருந்தால் போதும். இறங்குவதற்கு முன் சாவியை எடுத்து, இறங்குகிறவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.

அடி சுத்தமாக இருந்தும் சுற்று வரவில்லையா? கிப்பாஸின் நடுக் குமிழில் விட்டமும் பிட்ச்சும் குத்தியிருப்பார்கள். பழைய கிப்பாஸ் உடைந்து, கிடைத்ததை மாட்டிய படகுகள் நம்மிடம் நிறைய. பொதுக் கணக்கில் பிட்ச் ஒரு அங்குலம் மாறினால் இன்ஜின் சுற்று 150 முதல் 200 வரை மாறும். இரண்டு அங்குலம் கூடுதலான பிட்ச்சை மாட்டிவிட்டு நோசல் மாற்றிக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் தீராது. படகின் எடையையும் நேர்மையாகக் கணக்கெடுங்கள். வாங்கியபோது இல்லாத இரண்டாவது டீசல் தொட்டி, பெரிய ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், கூரை, பலகைக்கு அடியில் ஊறிக் கிடக்கும் ஃபோம் எல்லாமே கிப்பாஸ்மேல்தான் ஏறுகின்றன.

இனி டீசல். மலேசியாவில் பம்பில் கிடைக்கும் டீசலில் 2019 முதல் பத்து விழுக்காடு செம்பனையிலிருந்து எடுத்த எரிபொருள் கலந்திருக்கிறது. நம் பாட்டன் பாட்டிகள் குலை வெட்டிச் சுமந்த அதே மரத்தின் எண்ணெய். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். அது சாதா டீசலைவிட அதிகமாக ஈரம் பிடிக்கும். பழைய தொட்டியில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த கசடைக் கரைத்து எடுத்து வரும். பழைய ரப்பர் ஹோஸ் சிலவற்றை உள்ளுக்குள் உப்பவைத்து இளக்கும். இதோடு பருவமழை மாதங்களைச் சேர்த்துப் பாருங்கள். பாதி நிரம்பிய தொட்டி, இரவில் குளிர்ந்து பகலில் சூடாகி, மேல் சுவரில் வியர்த்துச் சொட்டிய தண்ணீர் அடியில் தேங்குகிறது. தண்ணீரும் டீசலும் தொடும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கருப்பு வழுவழுப்பாகப் படிகின்றன. படகு கட்டிக் கிடக்கும்வரை அது அடியில் சும்மா இருக்கும். கடலுக்குப் போய் முதல் அலையில் குலுங்கியதும் எழுந்து ஃபில்டரை அடைக்கும். ஆற்றுக்குள் நன்றாக ஓடி, தீவுக்குப் பாதி வழியில் இன்ஜின் படுத்துவிடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனைக்குப் பெரிய செலவில்லை. சுத்தமான டோங் பீப்பாய் ஒன்றில் புதிய டீசலை நிரப்புங்கள். இன்ஜினின் உறிஞ்சும் குழாயையும் திரும்பும் குழாயையும் தொட்டியிலிருந்து கழற்றி அந்த டோங்குக்குள் விட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு, அதே முழுத் திராட்டல் ஓட்டத்தை ஓட்டிப் பாருங்கள். டோங் நகராதபடி கட்டிவையுங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் வைக்காதீர்கள். காணாமல் போன சுற்று திரும்பி வந்துவிட்டதா? பம்பும் நோசலும் தப்பின. குற்றம் தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிறது: முதல் ஃபில்டர், தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை, உள்சுவர் உரிந்து மூடிக்கொண்ட ஹோஸ், பாதி திறந்த வால்வு, அல்லது அடைபட்ட தொட்டி மூச்சுக்குழாய். மூச்சுக்குழாய்க்குள் குளவி கூடு கட்டுவது நம்மூரில் சாதாரணம். தொட்டி மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம்.

உறிஞ்சும் பக்கத்தில் காற்றுக் கசிவைப் பிடிப்பது கொஞ்சம் பொறுமையான வேலை. அந்தப் பக்கத்தில் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. லிஃப்ட் பம்புக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிந்த டீசல் ஹோஸைச் சோதனைக்கு மட்டும் மாட்டிப் பாருங்கள். குமிழ் வந்தால் தொட்டிப் பக்கமாக ஒவ்வொரு கிளிப்பாக இறுக்கிக்கொண்டே போங்கள். சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக இருக்கத் தகுந்த சாமான் அல்ல அது.

ஃபில்டரில் ஒரு வாக்குவம் கேஜ் போட்டுக்கொள்வதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிய ஃபில்டரோடு முழுத் திராட்டலில் ஊசி எங்கே நிற்கிறது என்று எழுதிவைத்தால், பிறகு அது ஏற ஏற அடைப்பு கூடுகிறது என்று அர்த்தம். ஃபில்டரின் அடிக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தினமும் பாருங்கள், தண்ணீர் நின்றால் வடித்துவிடுங்கள். இரண்டு மைக்ரான், பத்து, முப்பது என்று ஃபில்டர் வகைகள் உண்டு. அழுக்குத் தொட்டியில் முதல் ஃபில்டராக இரண்டு மைக்ரானைப் போட்டால் அது வேகமாக அடைபட்டுவிடும். முதலில் பத்தோ முப்பதோ போட்டு, நுண்ணிய வடிகட்டலை இன்ஜின்மேல் இருக்கும் ஃபில்டருக்கு விடுவதுதான் வழக்கம்.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசானதும், பதிவுபெற்ற மீனவருக்கு 1 வெள்ளி 65 காசு விலை தொடர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கிருந்தோ வரும் மலிவு டீசல் பற்றிய பேச்சு அதிகம் கேட்கிறது. எங்கே நின்றது, எதில் வந்தது என்று தெரியாத டீசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீர் கலந்த ஒரு டோங் டீசல் தின்னும் நோசல்களின் விலை, அதில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு.

காற்றைச் சோதிப்பது சுலபம். முழுத் திராட்டலில் ஓடும்போது ஒருவர் பாதுகாப்பாக நின்று இன்ஜின் அறையின் மூடியைத் திறக்கட்டும். சுற்று ஏறினால் அறைக்குக் காற்று போதவில்லை. படகு இன்ஜின்களின் திறனை 25 டிகிரி காற்றில் அளந்துதான் தகட்டில் போடுகிறார்கள். ஜொகூர் நண்பகலில் மூடிய இன்ஜின் அறை ஐம்பது டிகிரியை எட்டும். ஏறத்தாழ ஐந்தரை டிகிரிக்கு ஒரு விழுக்காடு என்று திறன் இறங்கும். டீசலும் திரும்பித் திரும்பித் தொட்டிக்குப் போய்ச் சூடேறினால் இன்னும் கொஞ்சம் குறையும். மழைச்சாரல் உள்ளே வராமலிருக்கக் காற்று வழியைப் பலகை அடித்து மூடிய படகுகளைப் பார்க்கிறேன். சாரல் நுழையாமல் காற்றுமட்டும் வரும்படி வளைகுழாய் வைக்கலாம், மூடக்கூடாது.

புகை போகும் வழியில் முக்கியமானது எல்போ, கடல்நீர் புகையோடு கலக்கும் வளைவு. தூண்டில்காரர்கள் மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டுகிறார்கள். கூக்குப் பக்கம் கடல்மேல் கட்டிய கெலோங்குக்கும் கரைக்கும் இடையே ஓடும் படகுகளும் அப்படித்தான். குறைந்த சுமையில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. கரி படிகிறது, அதன்மேல் உப்பும் துருவும் சேர்ந்து வழி குறுகுகிறது. விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கிய எல்போவையும் கழற்றியிருக்கிறேன். புகை வெளியேற வழியில்லாதபோது புதிய காற்று உள்ளே வர இடமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மெதுவாக ஓட்டும் நாளில் கரை திரும்பும்போது கொஞ்ச நேரமாவது இன்ஜினை நன்றாக இழுக்கவிடுங்கள்.

கடல்நீர் பம்பின் இம்பெல்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெர்சிங் ஆற்று வாயின் மணல் அதைத் தேய்த்துவிடும். இறக்கை உடைந்திருந்தால் புதியதை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். உடைந்த துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும், எண்ணி எடுங்கள். எலக்ட்ரானிக் இன்ஜின் சூடு கூடினால் தானே திறனைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பார்ப்பவர் "இன்ஜின் இழுக்கல" என்பார். இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

புகையின் நிறத்தை எழுதச் சொன்னேனே, அது எதற்கு என்றால்: கறுப்பு, காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். நீலம், இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை, டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. ஆவியாக இருந்தால் சீக்கிரம் கலைந்துவிடும், டீசலாக இருந்தால் வாடை அடித்துத் தண்ணீர்மேல் படலம் விடும். கிப்பாஸும் அடியும் டீசலும் காற்றும் எக்ஸாஸ்ட்டும் எல்லாம் சரி என்று தாளில் எழுதிய பிறகும் சுற்று வரவில்லை என்றால், அப்போதுதான் வால்வ் இடைவெளி, நோசல், டர்போ, கம்ப்ரஷன் என்று இன்ஜினுக்குள் போக வேண்டும். அந்தத் தாளோடு போனால் நல்ல மெக்கானிக் உங்களை மதிப்பார்.

பழைய ஜப்பான் லாரி இன்ஜினைக் கடலுக்கு மாற்றிப் போட்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் கரை முழுக்க அவை ஓடுகின்றன, நல்ல இன்ஜின்கள், எனக்கும் பிடிக்கும். ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் லேலண்ட் லாரி இன்ஜின்கள் விசைப்படகை இழுப்பதும் இதே வழியில்தான். ஆனால் லாரி மேட்டில் மட்டும் முழுத் திறன் காட்டி, சமதரையில் ஓய்வெடுக்கும். படகு நாள் முழுக்க மேடு ஏறிக்கொண்டிருக்கிறது. சாலையில் 2,800 சுற்றுக்குக் கொடுத்த குதிரைத்திறனைக் கடலில் மணிக்கணக்கில் கேட்டால் வால்வும் பிஸ்டனும் தாங்காது. மாற்றிப் போடும்போதே கியர் விகிதத்தையும் கிப்பாஸையும் அதற்கேற்பக் குறைத்து அமைக்க வேண்டும். இழுக்கவில்லை என்று பம்பின் டீசலைக் கூட்டிவைக்கச் சொல்லி வற்புறுத்துகிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். அன்றைக்கு வேகம் வரும். சில மாதத்தில் பிஸ்டன் தலை உருகும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பீர்கள். பொந்தியான் பக்கத்தில் விடியலுக்கு முன் வரும் சுமாத்ராக் காற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் கடல் தலைகீழாகிவிடும். சுங்கை ரெங்கிட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சிங்கப்பூர் நீரிணையின் நீரோட்டமும், அதன் நடுவே நிறுத்த முடியாமல் வரும் கப்பல்களும் தெரியும். அங்கே நானூறு சுற்று குறைந்த இன்ஜின், வேகக் குறைவோடு முடிகிற விஷயம் அல்ல. தப்பித்து வெளியேறும் வலிமை இல்லாத இன்ஜின் அது. 2007 அக்டோபரில் மெர்சிங்கிலிருந்து தியோமான் போன ஃபெர்ரி நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் பறிபோனதை இந்தக் கரை மறக்கவில்லை. டீசல் குழாயைக் கழற்றிச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும், மாட்டிய பிறகு ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து, ஓடவிட்டு, மறுபடி துடைத்துப் பாருங்கள். சூடான மனிஃபோல்டுக்கு மேல் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. சோதனை ஓட்டத்துக்குப் போகும்போதும் லைஃப் ஜாக்கெட், விஎச்எஃப் ரேடியோ பதினாறாம் சேனலில், கரையில் ஒருவருக்குத் தகவல் என்று போங்கள்.

வடித்த ஆயிலையும் தொட்டியின் அடிக் கசடையும் ஆற்றில் ஊற்றாதீர்கள். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய கழிவால் பாசிர் கூடாங்கில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறிச் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். அதில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். பழைய இன்ஜின் ஆயில் நம் சட்டத்தில் எஸ்டபிள்யூ 305 என்று எண் போட்ட பட்டியல் கழிவு. டோங்கில் சேர்த்து, உரிமம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடி சுரண்டி, இன்ஜின் பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். நமக்கு அந்த இடைவெளியைப் பருவக்காற்று கொடுக்கிறது. நவம்பரில் கட்டும்போதே தொட்டியை நிறைத்துவிட்டு, தண்ணீரை வடித்து, ஃபில்டர் மாற்றி, கடைசி முழுத் திராட்டல் சுற்றை எழுதிவைத்துக் கட்டினால், மார்ச்சில் ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஒவ்வொரு ஜெட்டியிலும் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஒளி டாக்கோமீட்டரும் ஒரு வாக்குவம் கேஜும் வாங்கிப் பொதுவில் வையுங்கள். மெர்சிங், செடிலி, சுங்கை ரெங்கிட், கூக்குப், எங்கே இருந்தாலும் சரி. இரண்டாவது, பெங்கேலில் வேலை முடிந்ததும் பில்லில் சாமான் விலையோடு "வேலைக்கு முன் எத்தனை சுற்று, பின் எத்தனை சுற்று" என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது உங்கள் பணம். பெங்கேலில் இருக்கும் தம்பிகளே, வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணை எழுதப் பயப்படாத மெக்கானிக்கிடம் ஊரே வரும்.

இந்தப் பருவத்தில் முதல் ஓட்டம் போய் வந்ததும், தகட்டுச் சுற்று, அளந்த சுற்று, வேகம், புகை நிறம் நாலையும் எழுதி என்னிடம் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஜெட்டியில் டீசல் வேலை பார்க்கும் ஒருவன்